முதுகுக்குப் பின்னால் கோல்

மூன்றாவது குவார்ட்டருக்கான சைரன் ஊதியதும் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஜெயரூபன் ஒரு கணம் நின்றுவிட்டான். நின்றது மற்றவர்களுக்குத் தெரியக்கூடாது என்று சப்பாத்துக் கயிற்றை இறுக்குபவன்போலக் குனிந்தான். குனிந்தபடியே பச்சைச் சட்டைகள் எந்தத் திக்கில் பிரிகின்றன என்று பார்த்து, ரயில் பாதைப் பக்கமாகப் போன இரண்டு முதுகுகளைத் தொடர்ந்து தானும் ஓடினான். ஒரு ஆட்டத்துக்கு நாலு குவார்ட்டர், குவார்ட்டருக்குக் குவார்ட்டர் பக்கம் மாறும், அது பல் தீட்டுவதுபோல யோசிக்காமல் நடக்கிற காரியம், பதினெட்டு வருடப் பழக்கம். ஆனால் அந்தப் பதினெட்டு வருடமும் அவன் முன்னுக்கு நின்றவன். இந்த நாட்டுக் கால்பந்தில் முட்டை வடிவப் பந்து, முட்டை வடிவ மைதானம், இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள், அவற்றில் நடுவில் இருக்கிற உயரமான இரண்டுக்கும் இடையால் பந்தை உதைத்து அனுப்பினால் ஆறு புள்ளி. அப்படி அனுப்புவதுதான் அவனுடைய வேலையாக இருந்தது. ஃபுல் ஃபார்வர்ட் என்பார்கள். எதிரணியின் கம்பங்களுக்கு அருகில் நின்று, உயரத்தில் வரும் பந்தைத் துள்ளிப் பிடித்து, திரும்பி உதைக்கிறவன். மெல்பேர்னின் தென்கிழக்கு மூலையில் இருக்கிற இந்தச் சின்னக் கழகத்தில் அவனுக்கு ரூ என்று பெயர், பாதி ரூபனிலிருந்து வந்தது, பாதி கங்காருவிலிருந்து. இந்தப் பருவம் தொடங்கும்போது கோச் டேமியன் அவனைத் தனியே கூப்பிட்டு, உனக்கு முப்பத்தேழு ஆகிறது, கால் முன்னைப்போல் இல்லை, ஆனால் ஆட்டத்தின் போக்கு உன்னைப்போல் வேறு ஒருவனுக்கும் பிடிபடாது, ஆகவே பின்னுக்குப் போ என்று சொன்னான். ஃபுல் பேக். தன் அணியின் கம்பங்களுக்கு முன்னால் நின்று, எதிரணியின் ஃபுல் ஃபார்வர்ட் பந்தைப் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. இத்தனை காலமும் தன்னை இழுத்தும் தள்ளியும் காதுக்குள் கெட்ட வார்த்தை சொல்லியும் பாடாய்ப்படுத்தினவர்கள் நின்ற இடத்தில் இனி அவன் நிற்கவேண்டும். சரி என்று சொன்னான், வேறென்ன சொல்வது. பின்னுக்கு என்ற சொல்தான் அன்று முழுக்க நாக்கின் அடியில் கிடந்தது.

முன்னுக்கு வரவேணும், முன்னுக்கு வரவேணும் என்றுதான் அப்பா சொல்வார். அவன் எட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து அதுதான் அவருடைய ஒரே பாடம், கணக்கிலும் முன்னுக்கு வரவேணும், ஆங்கிலத்திலும் முன்னுக்கு வரவேணும், இந்த முட்டைப் பந்து அடித்து யார் முன்னுக்கு வந்தவன். பத்திரிகையின் ஒரு மூலையில், உள்ளூர் லீக்கில் அதிக கோல் அடித்தவன் என்று மகனின் படம் வந்தபோது அதை வெட்டி ஒட்டிவைத்தாரே தவிர ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை. பந்து என்றால் உருண்டையாக இருக்கவேணும், இது எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது என்பார். அது உண்மை. குத்தி எழும்பும்போது இந்தப் பந்து எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது, அதற்காகத்தான் உடம்பு முன்கூட்டியே வளைந்து காத்திருக்கவேண்டும். முன்கூட்டி. முன்னால். முன்னொரு காலத்தில். ஜெயரூபன் வேலிக்கு அப்பால் வரிசையாக நிறுத்தியிருந்த கார்களைப் பார்த்தபடி நின்றான். இதென்ன பாஷை, முன்னால் என்றால் எதிரே இருப்பது, முன்பு என்றால் கடந்துபோனது, பின்னால் என்றால் முதுகுப் பக்கம், பிறகு என்றாலும் பின்னர் என்றாலும் இனி வரப்போவது. அப்படியென்றால் போனதெல்லாம் கண்ணுக்கு நேரே கிடக்கிறது, வரப்போவது முதுகுக்குப் பின்னால் நிற்கிறது. டேமியன் சொன்ன பின்னுக்கும் அப்பா சொன்ன முன்னுக்கும் ஒரே வாயில் மாறி மாறி வந்தன. இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று நினைத்தான், மனைவி தாரணியிடம் சொன்னால் சிரிப்பாள், பிறகு, சொன்னேனா, போன கிழமையே சொல்லிவிட்டேனா என்ற சந்தேகம் எழுந்து அந்த நினைப்பை அங்கேயே நிறுத்தியது.

பக்கத்தில் நின்ற நீலச் சட்டைக்காரன் கதைத்துக்கொண்டே இருந்தான். பிரென்டன் என்று பெயர், அவனைத்தான் இன்று ஜெயரூபன் காவல் காக்கவேண்டும், தடித்த தோள், செம்பட்டைத் தாடி, குழாய் வேலை செய்கிறவன். இரண்டாவது பிள்ளை பிறந்து சில வாரம்தான் ஆகிறதாம், வீட்டில் ஒருவருக்கும் நித்திரை இல்லையாம், இங்கே வந்து ஓடுவதுதான் ஓய்வாம். பந்து மைதானத்தின் மறுமுனையில் இருந்ததால் இருவருக்கும் வேலையில்லை, தோளோடு தோள் உரசியபடி பேருந்துக்குக் காத்திருப்பவர்கள்போல் நின்றார்கள். முன்களத்தில் நிற்கும்போது ஜெயரூபன் ஒருபோதும் கதைத்ததில்லை, பந்தை மட்டும் பார்ப்பான், தன்னைக் காவல் காக்கிறவன் அவனுக்கு ஒரு வியர்வை மணம் மட்டும்தான். இப்போது பந்தையும் பார்க்கவேண்டும் ஆளையும் பார்க்கவேண்டும். முதலில் ஆள், பிறகு பந்து என்று டேமியன் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தான், கண் பந்தில் இருந்தாலும் கை ஆளில் இருக்கவேண்டும், அவன் மூச்சுவிடுவது உன் விரலுக்குத் தெரியவேண்டும். ஜெயரூபன் விரல் நுனிகளை பிரென்டனின் முதுகில் லேசாக வைத்தான். ஈரத் துணி, அதற்குள் சூடு. இந்தச் சூட்டைத்தான் தன் முதுகில் எத்தனையோ பேர் இத்தனை வருடமும் தொட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்கள் என்பது இப்போதுதான் உறைத்தது. அந்த விரல்கள் என்னத்தைக் கண்டிருக்கும். இவன் இப்போது இடப்பக்கம் பாய்வான், இவன் களைத்துவிட்டான், இவனுக்கு எங்கேயோ ஒன்று பிசகுகிறது. பந்து திடீரென்று இந்தப் பக்கம் வந்தது, யாரோ நீளமாக உதைத்திருந்தார்கள், பிரென்டன் பாய்ந்தான், விரலிலிருந்து சூடு போனதும் ஜெயரூபனும் பாய்ந்தான், மூடிய கையால் பந்தை எல்லைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டான். கைதட்டினார்கள். இதற்கும் கைதட்டுகிறார்கள் என்று வியந்தான். கோல் அடிக்காமல் கைதட்டல் வாங்குவது யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்குப் போய்த் தான் கேக் வெட்டினதுபோல் இருந்தது.

மழை தூறத் தொடங்கியது. இந்த ஊரின் ஆனி மாதத்து மழை, விழுகிறதா இல்லையா என்று தோல்தான் சொல்லவேண்டும். ரயில் ஒன்று கடந்துபோனது, யன்னல்களில் யாரோ விளையாட்டைப் பார்ப்பதுபோல் முகங்கள், பார்ப்பதற்குள் போய்விட்டன. இது டான்டினாங் போகிற ரயிலா, நகரத்துக்குப் போகிறதா. டான்டினாங் என்றால் வலமிருந்து இடம். அல்லது இந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பதால் மாறித் தெரிகிறதா. போன செவ்வாய்க்கிழமை, செவ்வாயா புதனா, ஸ்பிரிங்வேலில் ஒரு வயதான தம்பதியின் வீட்டுக் கூரைக்குள் வயர் மாற்றிக்கொண்டிருந்தான். அவன் மின்சார வேலை செய்கிறவன், அதிலும் பதினைந்து வருடம் போய்விட்டது. வயரைக் கையில் எடுத்து வெட்டுக் குறடு வைக்கப்போகும்போது மெயின் சுவிட்சை அணைத்தேனா என்று ஒரு கேள்வி வந்தது. அணைக்காமல் ஏணியில் ஏறவே மாட்டான். ஆனால் அணைத்த ஞாபகம் கையில் இல்லை. ஏணியால் இறங்கிப் போய்ப் பார்த்தான், அணைந்திருந்தது, அவனுடைய சிவப்புப் பூட்டு அதில் தொங்கியது. மேலே ஏறினான். குறட்டை எடுத்தான். அணைத்தேனா. போய்ப் பார்த்தேன் என்பது ஞாபகம் இருந்தது, பார்த்தபோது எப்படி இருந்தது என்பது இல்லை. மறுபடி இறங்கினான். மூன்றாவது தடவை இறங்கியபோது அந்த வீட்டு அம்மா, ஏதாவது மறந்துவிட்டாயா மகனே என்று வியட்நாமிய உச்சரிப்பில் அன்பாகக் கேட்டார். இல்லை, சும்மா ஒருக்கால் பார்க்கிறேன் என்றான். கவனமான ஆள் என்று அந்த அம்மா தன் கணவரிடம் சொன்னது கூரைக்குள் கேட்டது. கவனமான ஆள். தூசிக்குள் முழங்காலில் நின்றபடி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். ஒவ்வொரு தடவையும் அது அணைந்துதானே இருந்தது, பிழை ஒன்றும் நடக்கவில்லையே. பிழை நடக்கவில்லை என்பதுதான் இன்னும் பயமாக இருந்தது, பிழை நடந்திருந்தால் அது இன்ன இடத்தில் என்று காட்டலாம்.

புது இடம், அதுதான் காரணம். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். பதினெட்டு வருடம் ஒரு பக்கமாக ஓடினவனை மறுபக்கமாக ஓடச் சொன்னால் மூளைக்குள் எல்லாம் இடம் மாறத்தானே செய்யும், கட்டிலை வேறு அறைக்கு மாற்றினால் காலையில் எழும்பிச் சுவரில் இடித்துக்கொள்வதில்லையா. ஆனால் கூரைக்குள் என்ன புது இடம். அது வேறு, அது நித்திரை குறைவு. நித்திரை குறைவு ஏன். அது தலையிடி. தலையிடி ஏன். இங்கே வந்ததும் எப்போதும்போல நினைப்பு வழுக்கி அந்தப் பழைய ஆட்டத்துக்குப் போய் நின்றது. இருபத்திரண்டு வயதில், ஒரு இறுதிப் போட்டியில், யாரோ ஒருவனின் முழங்கால் அவன் காதுக்கு மேலே பட்டது. பட்டதும் எழும்பினானாம். எழும்பி விளையாடினானாம். அதன் பிறகு நாலு கோல் அடித்தானாம், கடைசிக் கோல் எல்லைக் கோட்டின் ஓரத்திலிருந்து, கம்பங்கள் ஒன்றையொன்று மறைக்கும் அந்தக் கோணத்திலிருந்து, வளைத்து அடித்தது. கழகத்தின் மதுக்கூடத்தில் இன்றைக்கும் அதைப் பற்றிக் கதைப்பார்கள், அவனும் கதைப்பான், காற்று இந்தப் பக்கம் அடித்தது, பந்தை இப்படிச் சாய்த்துப் பிடித்தேன் என்று கையால் காட்டுவான். ஒன்றும் ஞாபகமில்லை. முழங்காலிலிருந்து அடுத்த நாள் காலை குசினியில் அம்மா தேநீர் வைத்துக்கொண்டு நின்றது வரை ஒன்றுமே இல்லை. மற்றவர்கள் சொன்னதைச் சேர்த்துத்தான் கதையாகச் சொல்கிறான். தன் வாழ்க்கையில் தான் விளையாடிய ஆகச் சிறந்த ஆட்டத்தை அவன் பார்த்ததேயில்லை. அந்த நாலு கோலையும் அடித்தவன் யார் என்று சில வேளை யோசிப்பான். அவனுடைய காலும் கையும் இவனுடையவைதான், ஆனால் இவன் அப்போது எங்கே போயிருந்தான். அதன் பிறகும் அப்படி மூன்றோ நாலோ அடி, எல்லாரும் சிரித்துக்கொண்டு தண்ணீர் தந்த சின்ன அடிகளைச் சேர்க்காமல். சேர்த்தால் எவ்வளவு என்று அவன் சேர்த்துப் பார்த்ததில்லை. ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களின் மூளை பற்றி ஏதோ ஒரு செய்தி ஒருநாள் போனில் வந்தது, முதல் பந்தியோடு மூடிவிட்டான், தாரணி பக்கத்தில் இருந்தாள்.

தாரணி. பிரென்டனின் முதுகில் விரல் வைத்தபடி அவளை நினைத்தது என்னவோபோல் இருந்தது, விரலை எடுத்தான், பிறகு நினைவு வந்து திரும்ப வைத்தான். ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு, புட்டும் சம்பலும், தாரணியின் தங்கச்சி வீட்டுக் குடிபுகுதல் எப்போது என்று கேட்டான். வாற மாதம் பதினோராம் தேதி, சனிக்கிழமை, உங்களுக்கு ஆட்டம் இருக்கும், நான் பிள்ளையோட முதல் போறன், நீங்கள் பிறகு வாங்கோ என்றாள். சரி என்றான். சாப்பிட்டு, கோப்பை கழுவி, மகளைப் படுக்கவைத்துவிட்டு வந்து அமர்ந்து, தங்கச்சி வீட்டுக் குடிபுகுதல் எப்போது என்று கேட்டான். கேட்கும்போது அது புதுக் கேள்வியாகத்தான் இருந்தது. வாற மாதம் பதினோராம் தேதி, சனிக்கிழமை, உங்களுக்கு ஆட்டம் இருக்கும், நான் பிள்ளையோட முதல் போறன், நீங்கள் பிறகு வாங்கோ. அதே சொற்கள், அதே வரிசை. சொல் முடியும்போதுதான் அவனுக்குப் பிடிபட்டது. தாரணி ஒரு கேள்வியை இரண்டு தரம் கேட்டால் சும்மா விடுகிற ஆளில்லை. காது எங்க வச்சிருக்கிறியள் என்பாள், சுவரோடயா நான் கதைச்சனான் என்பாள், கலியாணம் செய்த இந்தப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு தரம்கூட விட்டதில்லை. அன்று விட்டாள். முகத்தைத் தொலைக்காட்சிப் பக்கம் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள், சொல்லிவிட்டு அவன் முழங்காலில் கையை வைத்தாள். அந்தக் கை ஏன் அவ்வளவு கனமாக இருந்தது. அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை, இருவரும் தொலைக்காட்சியில் யாரோ சமைப்பதைப் பார்த்தார்கள். நீர் என்ன யோசிக்கிறீர் என்று ஒருமுறை கேட்க வாயெடுத்தான். அதையும் ஏற்கெனவே கேட்டிருந்தால்.

அப்போது பந்து வந்தது. வந்தது என்பது பிறகு தெரிந்ததுதான், முதலில் கூச்சல், பிறகு பிரென்டனின் முதுகு விரலிலிருந்து கழன்றது, பிறகு வானத்தில் அது, சாம்பல் மேகத்தில் ஒரு சிவப்புக் கொட்டைபோல், மிக உயரத்தில், சுழலாமல் தள்ளாடியபடி. இப்படித் தள்ளாடும் பந்து எங்கே விழும் என்று ஒருவருக்கும் கணக்குப் போட முடியாது, ஜெயரூபனுக்கு முடியும். உடம்பு தானாகத் திரும்பியது. பந்து போகிற திசையிலேயே, தலையை அண்ணாந்து, முதுகுப் பக்கமிருந்து வருவதை வாங்க ஓடினான், இது பயந்தவன் செய்கிற வேலையில்லை, எதிரே யார் வருகிறார்கள் என்று தெரியாமல் ஓடவேண்டும். பிரென்டன் பக்கத்தில் ஓடினான், சேற்றில் வழுக்கி விழுந்தான், அந்த விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஜெயரூபன் துள்ளினான். இத்தனை மாதமாகத் துள்ளாத கால் துள்ளியது. துள்ளலின் உச்சியில் எப்போதும் வருகிற அந்த அமைதி வந்தது, அங்கே பெயர் இல்லை, வயது இல்லை, முன்னும் இல்லை பின்னும் இல்லை, விரல்களுக்கும் ஈரத் தோலுக்கும் இடையே ஒரு சின்ன ஒட்டல் மட்டும். பிடித்துவிட்டான். இறங்கினான். எதிரே இரண்டு உயரமான கம்பங்கள், மழையில் வெள்ளையாக, ஒரு வீட்டு வாசல்போல் திறந்து நின்றன. பின்னாலிருந்து ரூ ரூ என்று கத்தினார்கள், பதினெட்டு வருடமாகக் கத்துகிறார்கள். இரண்டு எட்டு வைத்தான், பந்தைக் கையிலிருந்து விட்டான், காலில் பட்ட அந்த இடம் சரியான இடம், சத்தத்திலேயே தெரிந்தது. பந்து தலைகீழாகச் சுழன்று சுழன்று நேர் நடுவால் போனது. ஜெயரூபன் இரண்டு கையையும் உயர்த்தினான்.

கார்கள் ஹோர்ன் அடிக்கவில்லை. இந்த மைதானத்தில் கோல் விழுந்தால் வேலியோரத்துக் கார்களெல்லாம் ஹோர்ன் அடிக்கும், அதுதான் வழக்கம். ஒன்றும் இல்லை. மழை கேட்டது. கம்பங்களுக்கு நடுவில் வெள்ளை மேலங்கியோடு நின்ற கோல் நடுவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் களத்து நடுவரைப் பார்த்தார். கை இரண்டும் மேலேயே நிற்க, ஜெயரூபன் தன் ஆட்கள் ஓடிவந்து தோளில் ஏறுவார்கள் என்று காத்திருந்தான். முதலில் எந்த ஆட்டம் என்று தேடினான், பிறகு எந்த வருடம் என்று, அந்தத் தேடல் நின்றுகொண்டே மாடிப்படியில் அடுத்த படியைக் காலால் தடவுவதுபோல் இருந்தது, படி இல்லை, படி இல்லை, பிறகு ரயில் பாதை, பிறகு சேற்றிலிருந்து எழும்பிக்கொண்டிருந்த செம்பட்டைத் தாடி, பிறகு ஒரேயடியாக எல்லாம் வந்து விழுந்தது. கைகளை இறக்கினான். விசில் ஊதியது. நெருக்குதல் ஒன்றும் இல்லாமல் தன் கம்பங்களுக்குள் தானே அடித்ததால் எதிரணிக்குக் கோல் வாசலிலேயே இலவச உதை என்று நடுவர் சொன்னார், சொல்லும்போது அவர் வாயோரம் துடித்தது. பிரென்டன் சேற்றைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு குழந்தையும் அடிக்கக்கூடிய தூரத்திலிருந்து அடித்தான். இப்போது ஹோர்ன்கள், நீலக் கொடி கட்டிய கார்களிலிருந்து, நீளமாக. ஒரு கோல் முன்னிலையில் நின்ற பச்சை அணி சமநிலைக்கு வந்துவிட்டது.

திட்டுவார்கள் என்று நினைத்தான், திட்டியிருந்தால் நல்லது. சிரித்தார்கள். முதலில் ஒருவன், பிறகு எல்லாரும். அணித்தலைவன் வந்து அவன் கழுத்தைக் கையால் வளைத்துக்கொண்டு, பதினெட்டு வருடப் பழக்கம், என்ன செய்வது, கால் தானாகவே அடித்துவிட்டது என்றான். வேலியோரத்திலிருந்து டேமியன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான், பிறகு அவனும் சிரித்தான், அவனை முன்னுக்கு அனுப்புங்கடா என்று யாரோ கத்தினார்கள். ஜெயரூபனும் சிரித்தான். முகத்தில் சிரிப்பு எவ்வளவு சுலபமாக வந்தது. இன்று இரவு மதுக்கூடத்தில் இதைக் கதையாகச் சொல்லலாம், வருடக்கணக்காகச் சொல்லலாம், ரூ தன் கோலுக்குத் தானே அடித்த கதை, பழக்க தோஷம். அது ஒரு வடிவான கதை. கதவு திறந்தேதான் இருந்தது, எல்லாருமாகச் சேர்ந்து திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்கள், இவன் நுழைந்தால் போதும். பிரென்டன் மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று, தாடியிலிருந்து தண்ணீர் வழிய, நீ கையைத் தூக்கினாய் என்றான். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான். "கோல் என்று நினைத்தாயா, மச்சான்?" அவன் சொன்னது ஆங்கிலத்தில்தான், ஆனால் மேட் என்ற அந்தச் சொல்லை ஜெயரூபனின் காது எப்போதும் மச்சான் என்றுதான் வாங்கும். இல்லையடா, விளையாட்டுக்கு என்று சொல்ல வாய் திறந்தது. சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

தண்ணீர்ப் போத்தலோடு ஷெரில் ஓடிவந்தாள். அறுபது தாண்டியவள், மஞ்சள் மேல்சட்டை, கழகத்தில் முதலுதவி பார்க்கிறவள், ஓடினால் மூச்சு வாங்கும், ஆனாலும் ஓடுவாள். அவளும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். கோச் சொல்லச் சொன்னான், கம்பங்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் இருக்கும், சட்டையைப் பார்த்து விளையாடு என்று, என்றாள். ஜெயரூபன் போத்தலை வாங்கவில்லை. அவள் கையில் அது நீட்டினபடி இருந்தது, வாயிலிருந்து துளித்துளியாய்ச் சொட்டியது. அடிபட்டு எழும்பினவர்களிடம் ஷெரில் கேட்கிற ஐந்து கேள்விகள் உண்டு, எந்த மைதானம், எந்த குவார்ட்டர், கடைசியாக யார் கோல் அடித்தது, போன கிழமை யாரோடு விளையாடினோம், வென்றோமா. அந்தக் கேள்விகளுக்கு எப்படித் தப்புவது என்று எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும், பெரிய பலகையில் குவார்ட்டர் எழுதியிருக்கும், பக்கத்தில் நிற்பவன் வாயசைத்துச் சொல்லுவான். இன்று அவள் கேட்கமாட்டாள். இன்று ஒருவனும் அவனை இடிக்கவில்லை, தலையில் ஒன்றும் படவில்லை, கேட்க ஒரு காரணமும் இல்லை. சைரனுக்கு இன்னும் நேரம் இருந்தது. பந்து நடுக்களத்துக்குப் போய்விட்டது, நடுவர் அதை நிலத்தில் குத்தி எழுப்ப ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்.

"என்னைக் கேள்" என்றான்.

என்ன கேட்க என்றாள் ஷெரில், சிரிப்பு இன்னும் வாயில் இருந்தது. அந்தக் கேள்விகளை என்றான். அடிபட்டதா, எப்போது, நான் காணவில்லையே என்று அவள் அவன் தலையைத் தொடப் போனாள். அடிபடவில்லை, கேள் என்றான். பலகைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான். அப்போதுதான் அவள் வாயிலிருந்த சிரிப்பு போனது. எந்த மைதானம் என்று கேட்டாள், சொன்னான். எந்த குவார்ட்டர். இரண்டு என்று வந்தது, இல்லை, பக்கம் மாறினோம், ரயில் பாதை இந்தப் பக்கம் இருந்தால் ஒன்று, ஒன்று இல்லை, மூன்று, எது. கண்ணை மூடினான், மூடியதும் இன்னும் கலங்கியது. தெரியவில்லை என்றான். கடைசியாக யார் கோல் அடித்தது என்று கேட்டாள். நான் என்று முதலில் வாயில் வந்தது, அதை விழுங்கிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற தாடிக்காரனைக் காட்டினான். பெயர் வரவில்லை, ஒரு மணித்தியாலமாகக் கதைத்தவனின் பெயர். போன கிழமை யாரோடு என்ற கேள்வியை அவள் கேட்கவில்லை. கையை உயர்த்தி வேலியோரத்தில் நின்றவர்களுக்கு ஏதோ சைகை காட்டினாள், மாற்று ஆட்டக்காரன் ஒருவன் மேலங்கியைக் கழற்றுவது தெரிந்தது. ஜெயரூபனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு எல்லைக் கோட்டை நோக்கி நடந்தாள், அவனைவிட அவள் மெதுவாக நடந்தாள், அவள் மெதுவுக்கு அவன் தன்னைக் குறைத்துக்கொண்டான். கூட்டத்தில் யாரோ அரைகுறையாகக் கைதட்டி, மற்றவர்கள் தட்டாததால் நிறுத்தினார்கள். டேமியன் சிரித்த முகத்தோடு எதிரே வரத் தொடங்கி, ஷெரிலைப் பார்த்துப் பாதியில் நின்றான். கோட்டைத் தாண்டுவதற்கு முன் ஷெரில் நின்று, அவனை நேரே பார்த்து, அந்த ஐந்திலும் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

"எவ்வளவு நாளாக இப்படி?"

அதற்கு அவனுக்கு விடை தெரிந்திருந்தது, தேட வேண்டியிருக்கவில்லை, நாளும் இடமும் குளிரும் எல்லாம் அப்படியே இருந்தன. "போன வருடக் குளிர்காலத்திலிருந்து, நான் முன்னுக்கு நின்றபோதே" என்றான்.